பதினான்காம் தேதியின் காதலி

அத்தியாயம் 9

கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்தாள். முடி வெட்டுகிற கத்தரி. புதிதாகச் சாணை பிடித்திருந்தது.

"நாலு மணிக்குள்ள அவ பேர் வேணும்," என்றாள்.

என் முதலாளி தோன்யா ஒப்துலியா ரெகால்தே, தெரெரே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே கத்தரியைப் பார்த்தார்.

"பேர் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"முடி வெட்டுவேன்."

"கழுத்துக்கு மேலயா, கழுத்தோடயா?" என்று கேட்டது நான்தான். என் பெயர் சிரீலோ. பராகுவாயின் தலைநகர் அசுன்சியோனில் இருபது வருடம் டாக்சி ஓட்டியவன். ஆறு வருடமாகத் தோன்யாவிடம் வேலை. அவர் துப்பறிவார், நான் கார் ஓட்டுவேன், தெரெரேவுக்கு ஐஸ் உடைப்பேன், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் திறப்பேன்.

அந்தப் பெண்மணி என்னைப் பொருட்படுத்தவில்லை. பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதம். ஒவ்வொன்றிலும் ஒரே வரியில் சிவப்பு மை. தேதி பதினான்கு. 'உயிர்த்துணை சேவை'. எண்பத்தேழாயிரம் குவாரனி.

"என் பேர் நிமியா வில்லாஸ்போவா. சஹோனியாவுல சலூன் வச்சிருக்கேன். என் புருஷன் தெயோஃபிலோ ஏசி மெக்கானிக். இந்த வெயிலுக்கு ஊர்ல எல்லார் வீட்டுக்குள்ளயும் போற ஒரே ஆம்பளை அவன்தான். எட்டு மாசமா இந்த உயிர்த்துணைக்குப் பணம் போகுது. எட்டு மாசமா என் முகத்தைப் பார்த்து அவன் சாப்பிடறதில்ல. ஃபோனுக்குப் புதுசா பூட்டு போட்டுட்டான். இன்னிக்கு நாலு மணி பஸ்ல சாக்கோவுக்குப் போறான். லோமா பிளாத்தாவுல மாட்டிறைச்சிக் கம்பெனியோட குளிர்சாதன வேலை, ரெண்டு வருஷம். தனியாப் போறேங்கறான். நம்பணுமாம்."

"யார்மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"பல் டாக்டர் தெல்மீரா. புருஷன் செத்து மூணு வருஷம் ஆகுது. மூணு ஏசி இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு கெட்டுப்போகுது. ஏசி அப்படிக் கெடுமா, சொல்லுங்க? யாரோ கெடுத்தாத்தான் கெடும்."

அவள் கண் சிவந்திருந்தது. அழுததால் அல்ல. தூங்காததால். இந்த மாதிரிக் கண்ணை எங்கள் அலுவலகத்தில் வாரம் இரண்டு தடவை பார்க்கிறேன். 'இல்லை, உங்க புருஷன் யோக்கியன்' என்று சொன்னால் அந்தக் கண் நம்மையும் சந்தேகிக்கும்.

தோன்யா ஸ்டேட்மெண்ட்களை வரிசையாக அடுக்கினார். வங்கியில் கார்டு புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு குரல் பொய்யில் ஏறுகிறதா, பயத்தில் ஏறுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்.

"பேங்குக்கு ஃபோன் பண்ணி இதை நிறுத்தச் சொல்லலையா?"

"நிறுத்திட்டா சாட்சி போயிடுமே."

"எட்டு மாசமும் கட்ட விட்டீங்க."

"அவன் எப்ப நிறுத்துறான்னு பார்த்தேன். நிறுத்தினா அவங்களுக்குள்ள முடிஞ்சுதுன்னு அர்த்தம். மாசாமாசம் பதினஞ்சாம் தேதி காலையில எழுந்து முதல்ல இதைத்தான் பார்ப்பேன். இருக்கும். அவ இன்னும் இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்."

தோன்யா எழுந்து கைப்பையை எடுத்தார். "சிரீலோ, வண்டியை எடு. பேங்குக்குப் போறோம். நிமியா, நீங்களும் வாங்க. கத்தரி இங்கயே இருக்கட்டும்."

*

வங்கியில் எங்களை வரவேற்றது ஒவேலார். தோன்யாவின் பழைய சகா. தலைமுடிக்குச் சாயம், மீசைக்கு வேறு சாயம். உலகத்தில் வேறு யாரும் தோன்யாவை 'ஒப்து' என்று கூப்பிடுவதில்லை. அவன் கூப்பிடுகிறான். அவரும் சிரிக்கிறார். ஆறு வருடத்தில் நான் சொன்ன நல்ல ஜோக்குகள் நூறாவது இருக்கும். ஒன்றுக்கும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

"ஒப்து, உனக்கு வயசே ஆகலையே."

"இவருக்கும்தான் ஆகல," என்றேன் நான். "கடையில சாயம் விக்கிற வரைக்கும் ஆகாது."

தோன்யா என் காலை மிதித்தார். பிறகு ஸ்டேட்மெண்டை நீட்டினார். ஒவேலார் நிமியாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"கணக்கு இவங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. இவங்களுக்கு ஒரு துணைக் கார்டு. சட்டப்படி இந்த அம்மா பேர்ல இருக்கிற கார்டைப் பத்தி மட்டும்தான் நான் பேசலாம். வீட்டுக்காரர் கார்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்," என்றார் தோன்யா. "இந்த உயிர்த்துணை யாரு?"

ஒவேலார் கணினியில் தட்டினான். பேச ஆரம்பித்தான். நன்றாகவே பேசினான். அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. நாலு வியாபாரத்துக்கு ஒரே பெயரில் பணம் வசூலிக்கிறது. ராசிபலன் ஒன்று, உடம்பு இளைக்க வைப்பது ஒன்று, ஜோடி சேர்த்து வைப்பது ஒன்று, நாலாவது என்னவோ ஃபோன் சமாசாரம். கார்டில் எல்லாமே 'உயிர்த்துணை' என்றுதான் விழும். எல்லாமே முதல் ஏழு நாள் இலவசம். எட்டாவது நாள் கேட்காமல் எடுக்க ஆரம்பிப்பார்கள். முதலில் கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போய் சந்தாவை ரத்து செய்ய வேண்டும், ரத்தை உறுதி செய்கிற கடிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும், பிறகு இங்கே புகார் எழுதினால் கடைசி மூன்று மாதத்துக்குப் போராடிப் பார்க்கலாம், கார்டு எண்ணையும் மாற்றிக் கொடுப்போம் என்றான்.

"ஜோடி சேக்கிறது," என்றாள் நிமியா. அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்ததும் காருக்குள் அடுப்பு மாதிரி இருந்தது. தோன்யா ஜன்னலை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள என்ன கவனிச்ச, சிரீலோ?"

"தலைச் சாயம் காதுல ஒழுகுது."

"வேற?"

"உங்க கையை நாலு தடவை தொட்டான்."

"பொறாமை பிடிச்ச கண்ணுக்கு அதுதான் தெரியும். அவர் என்ன பேசலாம்னு சொன்னார்?"

"இவங்க கார்டைப் பத்தி மட்டும்தான் பேசலாம்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன்.

"பத்து நிமிஷம் பேசினார்," என்றார் தோன்யா.

பின்சீட்டில் நிமியா முன்னால் சாய்ந்தாள். இந்த வங்கிக்காரன் வாய் தவறி உளறுகிறவன் அல்ல. அவன் பேசினான் என்றால், பேச உரிமை இருந்தது. அந்தப் பணம் நிமியாவின் கார்டிலிருந்து போகிறது.

"அப்ப என் கார்டைத் திருடியிருக்கான்," என்றாள் அவள். மூன்று வினாடிகூட ஆகவில்லை. "தன் கார்டுல போட்டா மாட்டிக்குவான்னு என் கார்டுல போட்டிருக்கான். என் பணத்துல எனக்கே சக்களத்தி."

"உங்க கார்டு எங்க இருக்கு?"

"சலூன்ல. சாய டப்பாவுக்குப் பின்னாடி. நான் அதைத் தொடறதே இல்ல."

"அவர் சலூனுக்குள்ள வருவாரா?"

"மாட்டான். பொம்பளைங்க இருக்கிற இடம்னு வாசல்லயே நின்னு கூப்பிடுவான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. ஆனாலும் விடவில்லை. "ராத்திரி சாவி அவன்கிட்டதானே இருக்கு," என்று முணுமுணுத்தாள்.

*

சலூன் மதிய ஓய்வுக்குச் சாத்தியிருந்தது. மணி இரண்டே கால். நிமியா விளக்கைப் போட்டாள். சாய டப்பாவுக்குப் பின்னால் கார்டு இருந்தது. அதன்மேல் தூசி இருந்தது. தோன்யா தூசியை ஊதிவிட்டு, கண்ணாடி முன்னால் இருந்த சுழல் நாற்காலியில் அமர்ந்தார்.

"முதல் தடவை பணம் எடுத்தது மார்ச் பதினாலு. ஏழு நாள் இலவசம். அப்ப யாரோ மார்ச் ஏழாம் தேதி சேர்ந்திருக்காங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சாதாரண மனிதர்கள் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு நாளை யோசிக்கத் தலையைச் சொறிவார்கள். நிமியா சொறியவில்லை.

"வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் முதல் தடவை தெல்மீரா வீட்டுல ராத்திரி வரைக்கும் இருந்தான். கம்ப்ரசர் போயிடுச்சு, லேட்டாகும்னு மெசேஜ் அனுப்பினான். நான் மரவள்ளி வேக வச்சு வச்சிருந்தேன். ஒன்பது மணிக்கும் வரல. ஒன்பதரைக்கும் வரல."

"நீங்க அந்த நேரத்துல என்ன பண்ணீங்க?"

"காத்துக்கிட்டிருந்தேன்."

"எங்க?"

"இங்கதான். கடைசி கஸ்டமர் போனப்புறம், இந்த நாற்காலியில."

"கையில ஃபோன் இருந்துச்சா?"

நிமியா ஏப்ரன் பையிலிருந்து ஃபோனை எடுத்து அதையே பார்த்தாள்.

தோன்யா தன் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கம்பெனி பக்கத்தைத் திறங்க. கடவுச்சொல் மறந்துபோச்சுன்னு ஒரு பட்டன் இருக்கும். உங்க ஈமெயிலைப் போட்டு அதை அமுக்குங்க. உங்களுக்குச் சம்பந்தமே இல்லைன்னா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிடும்."

"சம்பந்தம் இல்ல," என்றாள் நிமியா. ஆனாலும் அமுக்கினாள்.

நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பச்சை டிக். 'அன்புள்ள நிமியா, உங்கள் ஈமெயிலுக்கு இணைப்பு அனுப்பியுள்ளோம்.'

நிமியா ஈமெயிலைத் திறந்தாள்.

ஈமெயிலில் விளம்பரங்கள் குவிகிற மூலையில், திறக்காத எட்டு ரசீதுகள் வரிசையாகக் கிடந்தன. இணைப்பைத் தட்டியதும் கணக்கு திறந்தது. ஜோடி சேர்க்கும் வியாபாரம் அல்ல. நாலாவது. 'விசுவாசக் கண்: உங்கள் அன்புக்குரியவர் இப்போது எங்கே என்று அறிய'. சேர்ந்த நாள் மார்ச் ஏழு, இரவு ஒன்பது பன்னிரண்டு. கண்காணிக்க வேண்டிய ஃபோன் எண் என்ற இடத்தில் ஓர் எண்.

"இது யார் நம்பர்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"தெயோவோடது," என்றாள் நிமியா.

அவள் மெதுவாகப் பேசினாள். "இலவசம்னு போட்டிருந்துச்சு. கார்டு நம்பர் சும்மா அடையாளத்துக்குன்னு கேட்டுச்சு. சாய டப்பா பக்கத்துலதான் கார்டு இருந்துச்சு. போட்டேன். ஒரு மேப் வந்துச்சு. அதுல நீலப் புள்ளி ஒண்ணு, நடு ஆத்துல. பராகுவாய் ஆத்துக்கு நடுவுல நின்னு ஏசி ரிப்பேர் பண்றானான்னு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஏமாத்துக்காரப் பசங்கன்னு திட்டிட்டு அழிச்சுட்டேன். அழிச்சுட்டேன் தோன்யா. ஃபோன்ல இருந்தே அழிச்சுட்டேன்."

"ஃபோன்ல இருந்து அழிச்சா படம் மட்டும்தான் போகும். சந்தா போகாது. அது தெரியாதுங்கறதை நம்பித்தான் அவங்க பிழைக்கிறாங்க."

"பதினான்காம் தேதியோட காதலி..." என்று ஆரம்பித்த நான், தோன்யாவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினேன்.

நிமியா கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குள் அவள் கேட்ட பெயர் கிடைத்துவிட்டது. அதில் அவளுக்குச் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

"முதல்ல ரத்து பண்ணுங்க," என்றார் தோன்யா.

ரத்து பட்டன் பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் எழுத்தில் ஒளிந்திருந்தது. நிமியா அமுக்கினாள். 'உண்மையிலேயே போகிறீர்களா?' என்று கேட்டது. ஆமாம். 'உங்களை நாங்கள் இழக்க விரும்பவில்லை.' ஆமாம். 'பாதி விலைக்குத் தருகிறோம்.' வேண்டாம். 'ஒரு மாதம் இடைவெளி எடுத்துக்கொள்ளுங்களேன்.' வேண்டாம். 'எங்கே தவறு செய்தோம் என்று சொல்லிவிட்டாவது போங்கள்.' அதையும் தாண்டினாள். 'கடைசியாக ஒருமுறை யோசியுங்கள்.'

அங்கே அவள் விரல் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஆறு தடவை," என்றாள். "ஒரு மெஷின் என்னைப் போகாதேன்னு ஆறு தடவை கெஞ்சுது. நான் தெயோகிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல. போறேன்னு சொன்னான். போய்த் தொலைன்னேன்."

விரல் அழுத்தியது. ரத்தை உறுதி செய்கிற கடிதம் வந்து விழுந்தது. தோன்யா அதைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். மணி மூன்று இருபது.

"சிரீலோ," என்றார். "பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். நான் ஓட்டினா இருபத்தஞ்சு. போலீஸ் பார்த்தா ரெண்டு நாள்."

*

முப்பத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். சாக்கோ பஸ் நிற்கிற நடைமேடையில் ஒரு நெட்டை மனிதன் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். பக்கத்தில் ஒரே ஒரு பை. அவனோடு எந்தப் பெண்ணும் இல்லை. நிமியா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். உண்மை தெரிந்த பிறகும் பார்த்தாள். கழுத்து பழகிவிட்டது.

அவன் எங்களைக் கண்டதும் எழுந்தான். மனைவியைப் பார்க்கவில்லை. தோன்யாவைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை நிதானமாக, வாங்கப்போகிற பழைய ஃப்ரிட்ஜைப் பார்ப்பதுபோல.

"இவன்தானா?" என்றான்.

"எவன்தானா?" என்றேன் நான்.

"என்கிட்ட காட்டறதுக்குன்னே கூட்டிட்டு வந்தியா நிமியா? நான் கண்ணுக்கு மறைவாப் போறேன்னுதானே கிளம்பினேன். அதுகூடப் பொறுக்கலையா?"

"என்ன உளறுற?" என்றாள் நிமியா.

தெயோஃபிலோ பின்பாக்கெட்டிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தான். மடித்து மடித்து மூலை கிழிந்த ஸ்டேட்மெண்ட்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை. ஒவ்வொன்றிலும் ஒரே வரியில் பென்சில் கோடு.

"உன் கார்டு. கடைசி ரெண்டு நம்பர் எம்பத்தொம்பது. நீ ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டே. நான் மார்ச்லயே பார்த்துட்டேன். உனக்கு உயிர்த்துணை தேவைப்பட்டிருக்கு. வீட்டுல ஒண்ணு இருக்கறது போதல. நான் என்னத்தைக் கேக்கறது?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அனுபவிக்க நேரமில்லை. அவன் கை ஸ்க்ரூடிரைவர் பக்கம் இருந்தது.

"தம்பி," என்றார் தோன்யா. "இவன் என் டிரைவர். இவனை யாரும் மாசம் எண்பத்தேழாயிரம் குடுத்து வச்சிக்க மாட்டாங்க."

"எட்டு மாசம் தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?" நிமியாவின் குரல் உடைந்தது.

"கேட்டா ஆமாம்னு சொல்லிட்டா?" என்றான் அவன். "பேங்குக்குப் போய் நிறுத்தியிருக்கலாம். கணக்கு என் பேர்லதான். நிறுத்தினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குத் தெரியும். அன்னிக்கே கிளம்பிடுவே. அதான் கட்டினேன். மாசாமாசம் பதினாலாம் தேதி, நானே போய்க் கட்டினேன். நீ ஃபோனை எடுத்தா யார்கிட்டன்னு பார்ப்பேன். சலூன் வாசல்ல நின்னு யார் யார் போறாங்கன்னு பார்ப்பேன். சோத்தட்டுல உன் முகத்தைப் பார்த்தா கேட்டுடுவேன்னு டிவியைப் பார்ப்பேன்."

"ஃபோனுக்கு ஏன் பூட்டு போட்ட?"

"உன் ஸ்டேட்மெண்டை எல்லாம் அதுல படம் பிடிச்சு வச்சிருந்தேன்."

தோன்யா என் கையைப் பிடித்து நாலடி பின்னால் இழுத்தார். எங்களுக்கு அங்கே வேலை முடிந்தது.

நிமியா தன் ஸ்டேட்மெண்ட்களைப் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, தானே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கம்ப்ரசர் போன ராத்திரி, சுழல் நாற்காலி, இலவசம், நடு ஆற்றில் நீலப் புள்ளி. கேட்கக் கேட்க அவன் முகம் முதலில் தளர்ந்தது, பிறகு இறுகியது.

"அப்ப என்னை வேவு பார்த்திருக்கே."

"ஆமா."

"தெல்மீரா டாக்டருக்கு எங்க அம்மா வயசு, நிமியா. அந்தத் தெருவுல கரண்ட் ஏறி இறங்குது. அதான் ஏசி போகுது."

"நீ மட்டும்? வாசல்ல நின்னு என் கஸ்டமரோட புருஷனுங்களை எண்ணிக்கிட்டிருந்தே."

"நான் பணம் குடுத்து எண்ணல."

"குடுத்தே. எட்டு மாசம் நீதான் கட்டினே."

அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். கையில் இருந்த காகிதங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றுபோல மடிந்திருந்தன.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் கருவிப்பெட்டியை பஸ்ஸின் அடியிலிருந்த சாமான் அறைக்குள் தள்ளினான். தெயோஃபிலோ படியில் ஒரு காலை வைத்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றான். "நாளைக்குக் காலையில ஆஜராகணும்."

"தெரியும்."

"போறேன்."

"போகாதே," என்றாள் நிமியா. அவன் நின்றான். "போகாதே. போகாதே. இன்னும் மூணு தடவை பாக்கி இருக்கு, அதுக்குள்ள வண்டி கிளம்பிடும்."

அவனுக்கு அது புரியவில்லை. புரியாமலேயே அவன் கண் கலங்கியது. "வேலையை விட முடியாதுடி. ஆள் வராம நாலு நாளா இறைச்சி கெட்டுக்கிட்டிருக்கு."

"அப்ப நான் வரேன். பாலம் தாண்டி வியா ஹயெஸ் வரைக்கும். அங்க இறங்கிக்கறேன். இன்னும் நான் திட்டி முடிக்கல."

"நானும் முடிக்கல," என்றான் அவன். சற்று ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.

அவள் சலூன் ஏப்ரனோடு ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டதும், அவன் கொடுத்ததும், வேண்டாம் என்று அவள் தடுத்ததும் ஜன்னல் வழியாகத் தெரிந்தன. பிறகு இரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் அசைந்தன.

"சமாதானமா, சண்டையா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்," என்றார் தோன்யா. "எட்டு மாசப் பாக்கி. வியா ஹயெஸ்ல முடியாது."

பஸ் பின்னால் வந்து, திரும்பி, வெளிவாசலை நோக்கி நகர்ந்தது. சாலையில் சிவப்பு விளக்கு. பஸ் நின்றது. முன்கதவு திறந்தது. நிமியாதான் இறங்குகிறாளோ? நான் தோன்யாவைப் பார்த்தேன், அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்பா ரொட்டி விற்கிற கூடைக்காரி இறங்கினாள். அவள் மட்டும்தான். கதவு மூடிக்கொண்டது.